இருபத்திரண்டு நாள் மறைத்த பருக்கள்

கல்யாணம் நிச்சயமான சமயத்தில் என் அந்தரங்க உறுப்பில் வெள்ளையாகச் சின்னச் சின்னப் பருக்களைப் பார்த்தேன். பால்வினை நோயோ என்று பயந்து, இருபத்திரண்டு நாள் அவற்றை எண்ணி, தேதி போட்டு டைரியில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை. இருபத்துமூன்றாம் நாள் துணிந்து, டைரியோடு மாட்டுங்காவில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். பரிசோதித்துவிட்டு டைரியைப் புரட்டியவர் சிரித்தார்.

“வெறும் எண்ணெய்ச் சுரப்பிம்மா. நோய் இல்லை, ஒட்டாது, மருந்தும் வேண்டாம். இவ்வளவு நீட்டா எழுதினவ முதல் நாளே வந்திருக்கலாமே?”

படிகளைத் தாவி இறங்கி, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் நின்றே எனக்கு நிச்சயித்திருந்த ரகுவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“எனக்கும் ஏதோ இருக்கு. யார்கிட்ட காட்டறதுன்னு ஒரு வருஷமா முழிச்சிண்டிருக்கேன்” என்றார்.

“நாளைக்கே வாங்கோ, நான் கூட்டிண்டு போறேன்.”

இவரோடு எதையும் பேசலாம் என்று அன்றுதான் தெரிந்தது.