எலுமிச்சம்பழத்தோடு கண்மூடியிருந்தவர்

என் கணினித் திரையை ஒருமுறைகூடப் பார்க்காமல் என் நிரலின் பிழையை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்?

மலைமேல் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் நான் சேலம் பஸ் ஏறியபோது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டாமலிருக்க, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக் கண்களை மூடியிருந்தார். சேலத்தில் ஜாவா நிரல் எழுதும் வேலை என்றார்.

அதைக் கேட்டதும் என் கவலையைக் கொட்டிவிட்டேன். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் இணையச் செயலியை நானும் ஜாவாவில்தான் எழுதுகிறேன். இரண்டு அம்மாக்கள் ஒரே நேரத்தில் திறந்தால், ஒருவர் குழந்தையின் விவரம் மற்றவருக்குத் தெரிகிறது. என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள்.

“எல்லாம் முறைப்படிதாங்க. விவரம் எடுத்துத் தர்ற சர்வீஸை நான் உருவாக்கலை, செயலிக்கு அடித்தளமா இருக்கற ஃபிரேம்வொர்க்கே கொண்டுவந்து குடுக்குது” என்றேன்.

“எத்தன உருவாக்குமுங்க?”

“ஆளுக்கு ஒண்ணு?”

கண் திறக்காமல் சிரித்தார். “ஏனுங்க, வேனுக்கு ஒரே ஆயாதானுங்க, அந்த சர்வீஸும் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க. கொழந்த பேர அவ உள்ளங்கையில எழுதி வெச்சுட்டீங்களா?”

ஆம், பெயரை சர்வீஸுக்குள்ளேயே ஒரு ஃபீல்டில், அது நினைவில் வைத்துக்கொள்ளும் இடத்தில், வைத்திருந்தேன்.

“அடுத்த அம்மா வந்து அழிச்சு எழுதீருவாங்கல்லங்க? கேக்கறப்பல்லாம் வேலையச் செய்யற மெத்தடுக்குப் பேரச் சொல்லுங்க, வெச்சுக்க உடாதீங்க.”

அப்படியே மாற்றினேன். இப்போது இரண்டு கைபேசிகளில் சரியாக வருகிறது. ஆனால் முன்பும் ஒரு கைபேசியில் சரியாகத்தான் வந்தது. அதனால் செயலியைப் பள்ளிக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். எல்லா அம்மாக்களும் காலையில் ஒன்றாகத் திறப்பதை வீட்டிலிருந்து ஒருத்தி எப்படிச் சோதிப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.