இடது பக்கத்து முக்காலி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துப் பேசுகிற ஆள். எலியைப் பார்த்தால் பெருச்சாளி என்பேன். தூறல் விழுந்தால் வெள்ளம் என்பேன். நான் சொல்வதில் பாதியைத் தள்ளி, மீதியையும் பாதியாக்கினால் உண்மை கிடைக்கும் என்பது என் மனைவியின் கணக்கு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் ஒரு மூக்கைக்கூட ஒட்டவைக்கவில்லை. அதற்குத் தேவையே இருக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவன் நான். என் கண் எதைப் பார்த்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நடந்தது எங்கள் மாட்டுக் கொட்டகையில். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம்.

கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரமே, "மூணாவது மாடியில உக்காந்து எதிர் வீட்டுத் துணி காயறதைப் பாத்துக்கிட்டே சாக என்னால ஆகாதுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். ஃபிளாட்டை விற்றோம். ஊரைத் தாண்டி ஒரு துண்டு நிலம், ஓட்டு வீடு, கொட்டகை, கொஞ்சம் கோழி, இரண்டு ஆடு, ஒரு கறவை மாடு என்று எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினோம். முன்பு அங்கே இருந்தது ஒரு வயதான அம்மா. தனி ஆள். இறந்துபோனதும் தூரத்துச் சொந்தங்கள் எல்லாவற்றையும் ஒரு தரகரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தரகர் கன்றுக்குட்டியை மட்டும் தனியாக விற்றுக் காசாக்கியிருந்தார்.

"அந்தம்மா எப்படிப் போனாங்க?" என்று கேட்டேன்.

"வயசுதான் சார்." தரகர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

முதல் மாதம் நாங்கள் பட்ட பாட்டுக்கு டிக்கெட் போட்டிருந்தால் வசூல் அள்ளியிருக்கலாம். சேவல் என்னை வீட்டைச் சுற்றி மூன்று தடவை ஓட விட்டது. சரி, ஒரு தடவை. ஓர் ஆடு என் படிக்கிற கண்ணாடியைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் அது என்னைப் பெரிய படிப்பாளி மாதிரிதான் பார்க்கும். கோழி கொத்தியதிலிருந்து மனைவி முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் பின்கட்டுப் பக்கம் கால் வைப்பதில்லை. தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவாள்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். மாடு அப்படியில்லை.

கறுப்பு மாடு. நெற்றியில் மட்டும் வெள்ளை. மனைவி போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, முக்காலியை மாட்டின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தாள். வீடியோவில் எல்லாரும் வலது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். மாடு விட்ட முதல் உதையில் வாளி கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. ஒரு மணி நேரம் கெஞ்சியும் ஒரு தம்ளர் பால் தேறவில்லை.

கேட்டில் காத்திருந்த பால் வண்டிக்காரர் அதை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது? கண்ணுக்கு விடுற சொட்டு மருந்தா?"

"இப்பத்தாங்க கறந்தோம்."

"யார்கிட்ட சார் கதை விடுறீங்க? கறந்த கையோட கொண்டாந்தா மேல நுரை நிக்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிரும். நான் பாலைப் பாக்கறதே இல்ல. நுரையைத்தான் பாப்பேன்."

"அண்ணே, ஒரே ஒரு நாள் உள்ள வந்து கறந்து காட்டிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு பட்டென்று போய்விட்டது.

"நான் அந்தக் கொட்டகைக்குள்ள வர்றதில்லம்மா." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கொட்டகையில் சில விஷயங்கள் சரியாக இல்லை. எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மாடு எப்போதும் வலது சுவரை உரசிக்கொண்டுதான் நிற்கும். இடது பக்கம் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டிருக்கும். படுத்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காது. அந்த இடத்து மண்தரையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. வருடக்கணக்காக யாரோ குதிகால் ஊன்றித் தேய்ந்த பள்ளங்கள்.

அப்புறம் அந்த முக்காலி. கறந்து முடித்ததும் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வருவோம். காலையில் போனால் அது கீழே இருக்கும். இடது பக்கம். பள்ளங்களுக்கு நேர் பின்னால். மாட்டைச் சுவரிலிருந்து இழுத்து நிறுத்தி, அதைத் தூக்கி வலது பக்கம் போட்டுக்கொண்டு கறக்க உட்காருவோம். இவள்தான் மறந்து விட்டுவிடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் அது தெரிந்தது.

"நீங்க இல்லையா?"

"நீ இல்லையா?"



கறக்காத பால் மடியிலேயே கட்டிக்கொண்டது. மடி கல் மாதிரி வீங்கியது. தொட்டால் சுட்டது. மாடு தீனியைத் தொடவில்லை. கால்நடை டாக்டர் வந்தார், ஊசி போட்டார், கறந்து பார்த்தார், இரண்டு உதை வாங்கினார்.

"மடி நோய் சார். ஊசி பாதிதான் வேலை செய்யும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள மடி காலியாகணும். வர்ற பாலைக் குழியில ஊத்திருங்க. காலியாகலன்னா காலையில எனக்கு போன் போடாதீங்க. குழி தோண்டற ஆளுக்குப் போடுங்க."

அவர் போன பிறகு மனைவி கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

"அந்தம்மா எத்தனை வருஷம் வளத்தாங்களோ. நாம வந்து ஒரே மாசத்துல கொன்னுட்டோம். இது செத்துட்டா நான் இங்க இருக்க மாட்டேங்க. எங்கயும் இருக்க மாட்டேன்."

நான் மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோலை நீட்டினேன். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாலையில் மழை பிடித்தது. கரண்ட் போனது. அன்றைக்கும் முக்காலி இடது பக்கம்தான் கிடந்தது. அதைத் தூக்கி மாற்றிப் போட எங்கள் இரண்டு பேருக்கும் தெம்பு இல்லை. மனைவி வாளியை மட்டும் மடிக்குக் கீழே வைத்தாள்.

"வெந்நீர் வெச்சு எடுத்துட்டு வர்றேன். ஒத்தடம் குடுத்துப் பாப்போம். கயித்தை மட்டும் விட்டுராதீங்க."

பூட்ஸ் சத்தம் வீட்டுப் பக்கம் போனது.

நான் மாட்டின் தலைக்கு முன்னால், சற்று வலது ஓரமாக, கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணி ஆறே முக்கால். ஓடு மேல் மழை. மாட்டின் மூச்சு. வேறு சத்தம் இல்லை. ஒரு காலை மாற்றி வைத்தேன். மாடு கண்ணை மூடியது.

சிறிது நேரம் போயிருக்கும்.

முக்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"ம்."

தொப்... தொப்... வாளியில் ஏதோ கட்டி கட்டியாக விழுந்தது. மாடு உதைக்கப் போகிறது என்று கயிற்றை இறுக்கினேன். மாடு உதைக்கவில்லை. அசையக்கூட இல்லை.

அப்புறம் அந்தச் சத்தம்.

சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்...

வீடியோவில் மட்டுமே நாங்கள் கேட்டிருந்த சத்தம். எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது.

"அடி சக்கை! எங்கடி கத்துக்கிட்டே?"



சர்ர்ர்... சர்ர்ர்...

"இடது பக்கம் உக்காந்தா குடுக்குதா?"

"ம்."

அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. அதில் மூச்சே இல்லை.

சட்டைப் பையில் என் பழைய பேனா டார்ச் இருந்தது. கடையில் கண்ணுக்குள் அடித்துப் பார்க்கிற டார்ச். எடுத்து, குனிந்து, மாட்டின் வயிற்றுக்குக் கீழே அடித்தேன்.

இரண்டு பாதங்கள்.

வெறும் பாதங்கள். வெடித்த குதிகால்கள். பள்ளங்களில் சரியாகப் பொருந்தியிருந்தன.

பூட்ஸ் இல்லை.

வெளியே அத்தனை மழை. அந்தக் கால்களில் ஒரு பொட்டு ஈரமில்லை.

அப்போதுதான், வீட்டுக்குள்ளிருந்து, சமையலறை ஜன்னல் வழியாக...

"ஏங்க! அடுப்பு அணைஞ்சு அணைஞ்சு போகுது! தண்ணி இன்னும் சுடல! கயித்தை விட்டுராதீங்க!"

என் மனைவியின் குரல்.

சர்ர்ர்... சர்ர்ர்...

ஓடியிருக்கலாம். வாசல் என் பின்னால்தான் இருந்தது. ஆனால் கயிற்றை விட்டால் மாடு நகரும். மாடு நகர்ந்தால் அந்தச் சத்தம் நிற்கும். அந்தச் சத்தம் நின்றால் காலையில் குழி. அவள் அழுத முகம் கண்முன் வந்தது.

விடவில்லை.

டார்ச்சை மாட்டின் முகத்துக்குத் தூக்கினேன்.  மாடு தலையைத் திருப்பாமல், இடது கண்ணை மட்டும் மெல்லப் பின்னால் உருட்டி, அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தது. வெளிச்சம் அதன் இடது கண்ணில் விழுந்தது.

எத்தனையோ கண்களைப் பார்த்தவன் நான். வெளிச்சம் பட்டால் கண்ணின் முன்புறம் குட்டிக் கண்ணாடிதான். எதிரில் இருப்பது வளைந்து தெரியும்.

கொட்டகை ஜன்னல் தெரிந்தது. கூரை தெரிந்தது.

மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்திருந்த ஒரு தலை தெரிந்தது.

வெள்ளை வெளேரென்ற தலை.

என் மனைவியின் தலைக்கு நான்தான் சாயம் அடிக்கிறேன். போன வாரம்தான் அடித்தேன்.

டார்ச்சை அணைத்தேன்.

கண்ணை மூடினேன்.

சர்ர்ர்... சர்ர்... சர்...

நின்றது.

முக்காலி கிறீச்சிட்டது.

மாட்டின் முதுகில் மெதுவாக ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

மாடு பெருமூச்சு விட்டது.

பிறகு... வாளி தரையில் உரசி நகர்கிற சத்தம். என் கால் பக்கமாக. என் கட்டைவிரலில் வந்து இடித்தது.

அப்படியே நின்றேன்.

மனைவி வெந்நீர்ச் சட்டியும் விளக்குமாக உள்ளே வந்தபோதும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் வாளியைப் பார்த்தாள். மடியைத் தொட்டாள். வற்றிய பை போலத் தொங்கியது.

"ஏங்க... யாருங்க கறந்தா?"

வாளி விளிம்பு வரை பால் நிரம்பியிருந்தது. மேலே நான்கு விரல் உயரத்துக்கு வெள்ளை நுரை. அடங்காமல், மெல்லச் சிலிர்த்துக்கொண்டு.

என் கையிலிருந்த கயிற்றைப் பிரித்தெடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

பாலைக் குழியில் ஊற்றினோம். அன்றிரவே மாடு வைக்கோல் தின்றது. காலையில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவள் பாதியைத் தள்ளவில்லை, மீதியையும் பாதியாக்கவில்லை. எழுந்து போய், முக்காலியை நகர்த்தாமல், இடது பக்கமே உட்கார்ந்தாள். மாடு கொடுத்தது. அன்றிலிருந்து கொடுக்கிறது. நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்.

ஒன்று மட்டும் எப்போதாவது சொல்வாள். "நான் உக்காரும்போதே முக்காலி சூடா இருக்குங்க."

மருந்து வாசம் முழுக்கப் போய், டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் பாலை வண்டிக்குக் கொடுத்தோம். பால் வண்டிக்காரர் வாளிக்குள் பார்த்தார். நுரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எந்தப் பக்கம் உக்காந்து கறக்கறீங்க?"

"இடது பக்கம்."

தலையாட்டினார். "அந்தம்மாவுக்கு இடது கைதான் வரும் சார். அதனால அந்தப் பக்கம்தான் உக்காருவாங்க."

"அவங்க எப்படிச் செத்தாங்க?" என்றேன். "வயசுன்னு மட்டும் சொல்லாதீங்க."

வண்டியை அணைத்தார்.

"கறந்துக்கிட்டு இருக்கும்போதேதான் சார். முக்காலியில உக்காந்தபடியே, தலையை மாட்டு மேல சாச்சுக்கிட்டு. கீழ விழக்கூட இல்ல. மாடு அவங்களைத் தாங்கிக்கிட்டு அசையாம நின்னுருக்கு. நான்தான் பாத்தேன். வாளியைத் திருப்பிக் குடுக்க உள்ள போனப்போ."

"செத்த அன்னைக்கேவா?"

"இல்ல சார். செத்து மூணு நாள் ஆச்சுன்னு டாக்டர் சொன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் என்னைத்தான் கேட்டாங்க. தினம் கேட் வரைக்கும் போறியே, ஒருநாள்கூட சந்தேகம் வரலையான்னு. எப்படி சார் வரும்? அந்த மூணு நாளும் காலையில கேட் கிட்ட பால் வாளி இருந்துச்சே..."

 எங்கள் வாளியைப் பார்த்தார்.

"நுரை அடங்காம."