வேர்ணாவின் பெயரில் ஓர் அர்ச்சனை

இந்த நாட்டில் "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்பவர்கள் பதிலுக்கு நிற்பதில்லை. நான் வந்திறங்கிய முதல் கிழமையிலேயே யாராவது இதை எனக்குச் சொல்லித் தந்திருக்கலாம். சொல்லவில்லை. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் பக்கத்து வீட்டு மனிதர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது அப்படிக் கேட்டார். நானும் மெய்யென்று நம்பிவிட்டேன். கடைவாய்ப் பல் குத்துவது, கராம்பு வைத்தும் நிற்காதது, இரண்டு நாளாகச் சோறு மெல்ல முடியாதது எல்லாவற்றையும் தெரிந்த ஆங்கிலத்தில் ஒன்றும் விடாமல் விளக்கினேன். மனிதர் பாவம், தொட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்றார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் தூரத்திலிருந்தே கையை மட்டும் காட்டுவார். இது நடந்து முப்பது வருடம். இப்போது யார் கேட்டாலும் நடந்துகொண்டே "ஃபைன், தாங்க்யூ" என்று சொல்ல நானும் பழகிவிட்டேன்.

மருந்துக்கடை வேலையை அரைநேரமாக்கிய பிறகு, வீட்டுக்குக் கிட்டவுள்ள நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்றில் சேர்ந்தேன். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டம். "கதைப் புத்தகம் வாசிக்கிறதுக்கும் ஒரு கூட்டமோ? மினிட்ஸ் எழுதிறவையோ?" என்று என் கணவர் கேட்டார். மினிட்ஸ் இல்லை, பிஸ்கட் உண்டு. ஒன்பது பேர் வட்டமாக இருப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஹெலன்தான் தலைவி. அங்கே ஒருவரும் புத்தகம் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "இன்ட்ரஸ்டிங்" என்றால் பாதியில் மூடி வைத்துவிட்டார் என்று அர்த்தம். "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றால் திறக்கவேயில்லை. எங்கள் ஆட்களென்றால் எழுதியவரின் தகப்பன் யார், எந்த ஊர், சீதனம் எவ்வளவு வாங்கினவர் என்று தொடங்கிப் புத்தகத்துக்கு வந்து சேரவே பொழுதுபட்டுவிடும்.

அந்த மாதம் ஹெலன் தந்தது ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய நாவல். பெயர் வேர்ணா. தீவொன்றிலிருந்து லண்டனுக்கு வருகிறாள், விடியுமுன் எழும்பி அலுவலகங்களைத் துடைக்கிறாள், கணவன் விட்டுவிட்டுப் போகிறான், மூன்று பிள்ளைகளில் ஒன்றைப் பறிகொடுக்கிறாள். நானூறு பக்கத்திலும் ஒருநாள்கூட அவள் படுத்துக் கிடக்கவில்லை. கடைசிப் பக்கத்திலும் முழங்காலில் நின்று படி தேய்க்கிறாள், அதுவும் பாடிக்கொண்டு.

நல்ல கதை கிடைத்தால் எனக்கு வாய் சும்மா இராது. வெள்ளிக்கிழமை காலைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போவேன். ஆறேழு பெண்கள் பூசணிக்காயைச் சுற்றி இருந்து வெட்டும்போது, கிழமைக்கு நூறு பக்கமாக வேர்ணாவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எங்கள் பெண்களுக்குக் கதை கேட்கத் தெரியாது, விசாரணை செய்யத்தான் தெரியும்.

"புருசன் விட்டிட்டுப் போனால் அவன்ரை தாய் தேப்பன் எங்கை? ஒருத்தரும் போய்க் கேக்கேல்லையோ?"

"மூண்டாவது பிறக்கேக்கை பத்தியக்கறி ஆர் காய்ச்சிக் குடுத்தது?"

"ஆஸ்பத்திரியாலை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

நூலை எழுதியவர் அதையெல்லாம் எழுதவில்லை என்றால் எனக்குத்தான் ஏச்சு. வடிவாகப் பார்த்து வாசித்துக்கொண்டு வா என்று கட்டளை. வெட்டும் குழுவுக்குத் தலைவி யோகம் அக்கா. எழுபது வயது, கையில் கத்தி, வாயிலும் அதே. முதல் கிழமை அவர் பாரிஸுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கதை இரண்டாம் நூறு பக்கத்தில் நின்றது. வேர்ணா புத்தகத்தில் இருப்பவள் என்று அவருக்குச் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் மற்றவர்களைப்போலவே கேள்வி கேட்டார், பெருமூச்சு விட்டார், அந்தப் புருசனைத் திட்டித் தீர்த்தார்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை, வாசகர் வட்டம் கூடவிருந்த அன்று காலை, யோகம் அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு ஒரு பையைத் தந்தார். உள்ளே பாதித் தேங்காய், வாழைப்பழம், பூ, மடித்த கடதாசியில் விபூதி.

"வேர்ணாவின்ரை பேருக்கு அர்ச்சனை செய்தனான். நட்சத்திரம் தெரியாதெண்டன், பறவாயில்லையெண்டு ஐயர் செய்தவர். உன்னோடை மருந்துக்கடையிலைதானே வேலை செய்யிறாள்? கொண்டுபோய்க் குடு. தேங்காயைச் சம்பலுக்கு எடுக்கச் சொல்லு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது சொல்ல வாய் வரவில்லை. இல்லாத ஒருத்திக்காகக் காலை ஏழு மணிக்கு வந்து வரிசையில் நின்றிருக்கிறார். "ஓம் அக்கா, குடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, தேங்காய்ப் பாதியோடு பஸ் ஏறி நூலகத்துக்குப் போனேன்.

அங்கே "ரெசிலியன்ட்" மழை பொழிந்துகொண்டிருந்தது. எதையும் தாங்குபவள், எவ்வளவு அடித்தாலும் எழும்பி நிற்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் ஆறு பேர் அந்தச் சொல்லைச் சொன்னார்கள், ஹெலன் இரண்டு முறை. சொல்லும்போது எல்லாருடைய கண்ணும் மார்சியாவின் பக்கம் போய் வந்தது. எங்கள் வட்டத்தில் கறுப்பினப் பெண் மார்சியா ஒருத்திதான். அறுபத்தெட்டு வயது, இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவள். வினாத்தாளுக்கு விடை அவளிடம் இருப்பதுபோல எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் இங்கே லண்டனில், ஹார்ல்ஸ்டனில் பிறந்தவள்," என்றாள் மார்சியா. "வாழ்க்கையில் ஒரு அலுவலகமும் துடைத்ததில்லை. என் வீட்டையே ஒழுங்காகத் துடைப்பதில்லை."

எல்லாரும் அவசரமாகச் சிரித்தார்கள். நிலைமையைச் சரிசெய்யப் போகிறேனென்று நான் வாயைத் திறந்தேன். "வேர்ணா உன்னைப்போல மார்சியா, வெரி ஸ்ட்ராங்."

அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "நான் எதையாவது தூக்கி நீ பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டாள். பிறகு புத்தகத்தைத் தட்டினாள். "நானூறு பக்கம். கொஞ்சம் இரு, நான் செய்கிறேன் என்று இதில் ஒரு ஆளாவது இவளுக்குச் சொல்கிறாரா? நாங்களும் வாசித்துவிட்டுக் கைதட்டுகிறோம்."

"தேநீர் ஊற்றட்டுமா?" என்றாள் ஹெலன். இங்கிலாந்தில் பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் அதுதான் பதில்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா நினைவுக்கு வந்தார். அப்பா செத்த வருடம், ஊரில் சண்டை வந்து இடம்பெயர்ந்து போகும்போது, எங்கள் நாலு பேரையும் ஒரு சைக்கிளையும் வைத்துக்கொண்டு அம்மா தனியே சமாளித்தார். "அவள் இரும்பு மனுசி" என்று சனமெல்லாம் புகழ்ந்தது. புகழ்ந்துவிட்டுத் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனது. இரும்புக்கு யார் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள்? சனத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. லண்டனுக்கு வந்த பிறகு நானும் கடிதம் கடிதமாக "அம்மா, நீங்கள் தைரியசாலி" என்றுதான் எழுதினேன். அது சுலபமான வசனம். அம்மா ஒருநாளும் பல் வலிக்கிறது என்றுகூட எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வெட்கத்தில்தான் பையைத் திறந்து தேங்காய்ப் பாதியை பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். யோகம் அக்காவின் அர்ச்சனைக் கதையைச் சொன்னேன். வட்டமே சிரித்தது. மார்சியா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பெண்கள் வேறென்ன கேட்டார்கள்?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து யார் கூட்டிக்கொண்டு வந்தது என்ற இடத்தில் அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

பஸ் தரிப்பிடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. மார்சியாவுக்குப் பித்தப்பையில் கல். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஒப்பரேசன், அன்றே வீட்டுக்கு விடுவார்கள். ஆனால் ஒருவர் வந்து கூட்டிப்போக வேண்டும், முதல் நாள் முழுக்கக் கூட இருக்கவும் வேண்டும். படிவத்தில் அந்த ஒருவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். அதற்குப் பயந்து இரண்டு திகதியைத் தட்டிக் கழித்திருக்கிறாள், நோவைக் குளிசை விழுங்கி அமுக்கிக்கொண்டு. மகன் கனடாவில். தேவாலயத்தில் கேட்கலாமே என்றேன். "அங்கே எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது நான்தான். நான் படுத்தால் அவர்கள் பயந்துவிடுவார்கள்," என்றாள். இந்த முறை டாக்ஸிக்காரரை மருமகன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் தனியே இருக்கப் போகிறாளாம்.

"நான் வாறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"வேண்டாம், நன்றி," என்றாள். இந்த ஊர் வழக்கப்படி அதோடு விட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எங்கள் வழக்கத்தில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுதான் கணக்கில் வரும். மூன்றாவதையும் சொன்னாள். நான் அதையும் கேட்காததுபோல எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். பஸ் வந்தது, போனது. "ஏழரைக்கு," என்றாள் கடைசியில்.

அடுத்த வெள்ளிக்கிழமை யோகம் அக்காவிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"கதைப் புத்தகமோ? எடி விசரி, அப்ப நான் தேங்காய் உடைச்சது ஆருக்கு?"

மற்றவர்கள் சிரித்து முடிய, மார்சியாவைப் பற்றிச் சொன்னேன். அக்கா பூசணிக்காயை மறுபடி வெட்டத் தொடங்கினார்.

"அப்ப அந்த அர்ச்சனையை உவளுக்கு மாத்தி விடு. அம்மனுக்கு விளங்கும். எண்டைக்கு ஒப்பரேசன்? பித்தமெண்டால் எண்ணெய் ஆகாது, பால்கறியும் ஆகாது. நான் ரசம் வைச்சுக்கொண்டு வாறன்."

அவரிடம் முப்பது தடவை வேண்டாம் என்றாலும் எடுபடாது.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு விடும்போது தாதி ஒரு படிவத்தை நீட்டினாள். என் பெயருக்குப் பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். நண்பி என்று எழுதலாம், அது உண்மை. ஆனால் அக்கா என்று கூப்பிடாமல் ஒருத்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் எனக்குப் பழக்கமில்லை. "சிஸ்டர்" என்று எழுதினேன். தாதி என்னையும் மார்சியாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "லவ்லி" என்றாள். மார்சியா மயக்கம் முழுதாகத் தெளியாமலே, "தகப்பன் வேறு," என்றாள்.

பின்னேரம் யோகம் அக்கா ரசத்தோடு மார்சியாவின் வீட்டுக்கு வந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் சரியாக இல்லை. மார்சியா கோப்பையைப் பாதியில் வைக்கப் பார்த்தாள். அக்கா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். மார்சியா முழுவதையும் குடித்தாள். என் பையிலிருந்த அந்த விபூதிப் பொட்டலத்தை அக்கா எடுத்துப் பைபிளுக்குப் பக்கத்தில் வைக்க, மார்சியா அதை எடுத்து அந்த நாவலுக்குள் அடையாளமாக வைத்தாள், கடைசிப் பக்கத்தில்.

இரவு நான் அங்கேயே தங்கினேன். காலையில் அவளுக்குத் தேநீர் போடுவதற்கு, அவள் படுத்திருந்த சாய்மனைக்கு முன்னால் நொண்டிக்கொண்டு போனேன். என் முழங்கால் ஆறு மாதமாகச் சரியில்லை.

"ஆர் யூ ஆல்ரைட்?" என்றாள் மார்சியா.

"ஃபைன், தாங்க்யூ," என்றபடி நான் சமையலறை வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டேனே," என்றாள்.

தேநீரை விட்டுவிட்டு வந்து அவள் கால்மாட்டில் இருந்தேன். முழங்கால் நோவில் தொடங்கினேன், ஆங்கிலத்தில். அம்மாவிடம் வந்து சேர்ந்தபோது அது தமிழாகியிருந்தது. எனக்கே அது தெரியவில்லை. மார்சியா ஒரு சொல்லும் விளங்காமல், இடையில் ஒன்றும் கேட்காமல், நான் சொல்லி முடியுமட்டும் பதிலுக்குக் காத்திருந்தாள்.