பன்னிரண்டு குப்பிக் காற்று

எண்பதுகளில், பாகூர்ப் பக்கத்துக் கோயில் காடு ஒன்றின் காவல்காரரைச் சந்தித்தேன். காதிடுக்கில் அணைந்த பீடி வைத்திருந்தார். சாமி காட்டிலிருந்து சுள்ளிகூட வெளியே போகக் கூடாது. வெளியேறுபவர்களின் தலையில் ஒட்டிய இலையையும் எடுத்து உள்ளே எறிவார்.

அங்கே மரமும் மண்ணும் விடும் வாயுக்களை அளக்க ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். செய்தி எழுத நானும் போயிருந்தேன். மூன்று நாள் பாடுபட்டுப் பிடித்த காற்று பன்னிரண்டு குப்பிகளில் இருந்தது. காவல்காரர் மறித்தார்.

"இன்னா சார் அது?"

"வெறும் காத்துங்க."

"சாமி காத்து. தொறந்து வுட்டுட்டுப் போ சார்."

ஆய்வாளர் அழாத குறையாகக் கெஞ்சினார். காவல்காரர் யோசித்தார்.

"சரி, பதிலுக்குப் பன்னெண்டு வாட்டி உள்ள ஊதிட்டு எடுத்துக்கினு போ."

ஆய்வாளர் கன்னம் உப்ப ஊதினார். நான் சிரித்துவிட்டேன்.

"இன்னாபா சிரிக்கிற? காலைலேர்ந்து நீயுந்தான சாமி காத்த இழுத்துக்கினு கீற? ஊது."

எத்தனை தடவை என்று கேட்டேன்.

"இழுத்தவனுக்குத் தெரியாதா?" என்றார்.

இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.