தம்பிக்கு ஒரு துண்டு

ஒன்பது வயதில் நான் ஒரு திருடி. திருடியது ரொட்டி. அதுவும் சொந்தத் தம்பியின் ரொட்டி, நோஞ்சான் தம்பியின் ரொட்டி. எங்கள் வீட்டில் என்னை மட்டம் தட்ட வேண்டுமென்றால் சமீப காலம் வரைக்கும் அந்தக் கதையைத்தான் எடுப்பார்கள். நானும் விடமாட்டேன், "நாலுல ஒரு துண்டு அவனுக்கு வச்சேன் இல்ல?" என்று சண்டைக்குப் போவேன்.

காஞ்சிபுரம் பக்கம், பெருநகர் என்கிற கிராமத்துக்கு அடுத்து, நெல் விளைகிற ஊர் எங்களுடையது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ரொட்டி என்றால் நோயாளிச் சாப்பாடு. நன்றாக இருக்கிற மனுஷனுக்குச் சோறும் கூழும், படுத்துக்கொண்டால்தான் ரொட்டி. கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு தெருவில் நடந்தால், "யாருக்கு ஒடம்பு சரியில்ல?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. உள்ளே போனதெல்லாம் தண்ணீராக வெளியே வந்துவிடும். சவலை என்றார்கள், மாந்தம் என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். என் மாமன், அம்மாவின் தம்பி, காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டர். மருமகனுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து பிஸ்கட் பிஸ்கட்டாக வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். கடைசியில் உத்திரமேரூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். சோறு, கூழ் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், பாலில் ரொட்டியை நனைத்துக் கொடுங்கள், லேசாகச் செரிக்கும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு அது வேதவாக்கு.

பிஸ்கட்டுக்குப் பதில் மாமன் ஒருநாள் விட்டு ஒருநாள் ரொட்டி கொண்டுவருவார். எங்கள் ஊர் வந்ததும் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தி, படியில் தொங்கியபடியே "அக்கா, ரொட்டி!" என்று மெழுகுத்தாள் பொட்டலத்தை நீட்டுவார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். காலையும் ராத்திரியும் தம்பிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி, மத்தியானம் நாலு துண்டு ரொட்டி. அம்மா கழனிக்குப் போய்விடுவதால் ஊட்டுகிற வேலை எனக்கு. எனக்கு மட்டும் சட்டியில் கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும்.

அந்த ரொட்டியின் வாசனை இருக்கிறதே, அடடா! முதல் நாள் ஒரு ஓரத்தைக் கிள்ளினேன். மறுநாள் ஒரு துண்டு. தம்பி ரொட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான், என் சட்டியைக் காட்டிக் கையை நீட்டுவான். எனக்குக் கொள்ளை வசதியாகப் போயிற்று. கூழ் அவனுக்கு, ரொட்டி எனக்கு. ஆனாலும் பாவம் பார்க்காமல் இருக்க முடியுமா? மூன்று துண்டை நான் தின்றுவிட்டு, நாலாவதை அவன் வாயில் திணிப்பேன். "வோணாம்க்கா, வவுறு நோவுது" என்று அழுவான். "துன்னுடா, துன்னாத்தான் ஒடம்பு தேறும்" என்று மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பேன்.

ஒரு மாதத்தில் தம்பி கொஞ்சம் தேறினான். முழுசாக இல்லை, ஆனாலும் சுவரைப் பிடிக்காமல் நடந்தான், சிரித்தான். மாமனுக்குப் பெருமை தாங்கவில்லை. என் ரொட்டி, என் ரொட்டி என்று பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் அம்மா கழனியிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டாள். என் உதட்டில் பாலும் ரொட்டித் தூளும். தம்பியின் நெஞ்சு முழுக்கக் கூழ்.

"அடிப்பாவி! கொயந்த வாயிலேர்ந்து புடுங்கித் துன்றியேடி! இன்னா வயிறுடி உனுக்கு?"

அன்றைக்கு விளக்குமாறு பிய்கிற வரைக்கும் அடி விழுந்தது. நான் வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் தம்பிதான் வீறிட்டு அழுதான். மறுநாளிலிருந்து அம்மா கழனிக்குப் போகாமல் உட்கார்ந்து நாலு துண்டையும் தானே ஊட்டினாள். பத்தே நாளில் அவன் மறுபடி பாயோடு பாயாகிவிட்டான். நான் திருடித் தின்றதில் வந்த பலவீனம் இது என்று அம்மா சொன்னாள், ஊர் சொன்னது, நானும் நம்பினேன். தம்பி செத்துப்போனால் கொன்றது நான்தான் என்று பயந்துகொண்டு, அம்மன் கோயில் பக்கம் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அப்போது பார்த்து மாமனை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ரொட்டி நின்றுபோயிற்று. மாற்றியவன் விளங்குவானா என்று அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். வேறு வழியில்லாமல் தம்பிக்கும் எங்கள் கூழையும் சோற்றையுமே ஊற்றினாள். அறுவடைக்குள் அவன் வயிறு வடிந்து, வரப்பில் என்னை முந்திக்கொண்டு ஓடினான். அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். அதற்கு வந்த மாமன் அவனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றிவிட்டு, "அன்னிக்கு நான் போட்ட ரொட்டி, இப்பதான் வேல செய்யுது பாரு" என்றார். அம்மாவும் தலையாட்டினாள்.

தம்பி பிறகு வேலைக்கென்று ஊரை விட்டுப் போனான். சப்பாத்தி, பரோட்டா என்று வெளிச் சாப்பாடு. வருஷக்கணக்கில் சோகை, வயிற்றுப்போக்கு. போன வருஷம்தான் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்றாராம். கோதுமையில் இருக்கிற ஒரு சத்து சில பேருடைய குடலின் உள்பக்கத்தை அரித்துவிடுமாம். அப்புறம் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாதாம். கோதுமை, மைதா, ரவை, பிஸ்கட் எதுவும் ஆயுசுக்கும் கூடாது. அரிசி, கேழ்வரகு தாராளமாகச் சாப்பிடலாம்.

பொங்கலுக்கு வந்தபோது இடியாப்பத்தைப் பிசைந்தபடி அவன் இதைச் சொன்னான். அம்மாவுக்கு அந்தப் பேர் வாயில் நுழையவில்லை, ரொட்டி நோய் என்று வைத்துக்கொண்டாள். "அப்பன்னா என்னப் பொழைக்க வச்சது இந்தத் திருடிதான்" என்று தம்பி என்னைக் காட்டிச் சிரித்தான். கல்யாணத்தன்று கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை நான்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நகர்ந்து வந்து, அன்றைக்கு அடித்த அதே கையால் என் முதுகைத் தடவினாள்.

"மூணு துண்டத் துன்னியே, அந்த நாலாவதையும் துன்னுத் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

அந்த நாலாவது துண்டைத்தான் நான் இத்தனை வருஷமும் என் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.