நாமா, நாங்களா

பட்டன் அக்காவுக்கு ஒரு பழக்கம். ‘நாங்க டீ குடிக்கப் போறோம்’ என்று யாராவது சொன்னால், உடனே குனிந்து தன் பையில் எதையாவது தேடத் தொடங்கிவிடுவாள். தையல் கம்பெனியில் பட்டன் மெஷினில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில், ‘நாம போகலாம்’ என்று ஒருத்தியும் அவளைக் கூப்பிட்டதில்லை.

வேலை முடிந்தபின் கம்பெனியிலேயே இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தார்கள். அவளும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நாள் டீச்சர், “நாம, நாங்க, ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல ஒரே சொல்தான். ‘வீ’” என்றார். அந்தப் பாஷையில் யாரையும் வெளியே நிறுத்த முடியாது போலிருக்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வகுப்பு முடிந்ததும், முன் பெஞ்சில் இருந்த காலர் தைக்கிற பெண் திரும்பி, படித்ததைச் சொல்லிப் பார்ப்பது போல, “வீ ஆர் கோயிங் ஃபார் டீ!” என்றாள்.

பட்டன் அக்கா பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“நீதானே சொன்னே, நாம போறோம்னு.”

“ஐயோ, நான் நாங்கன்னுல்ல சொன்னேன்!” என்று சிரித்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சரி, நீங்களும்தான் வாங்களேன்.”

“இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று பட்டன் அக்கா நடையைக் கட்டினாள்.

இப்போதும் வகுப்புக்குப் போகிறாள். ‘ஐ’ என்று தொடங்கும் வாக்கியங்களைத் தப்பில்லாமல் சொல்கிறாள். ‘வீ’ வந்தால் மட்டும், நாமா நாங்களா என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறாள்.