மட்டைக்குப் பூஜை போட்ட முதலாளி

என்னை ஹாக்கி வீரர் என்று யாராவது மேடையில் அறிமுகப்படுத்தினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீரமாவது மண்ணாவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூரில் ஒரு அரிசி மில் முதலாளி என்னைச் சம்பளத்துக்கு வைத்து ஆடவிட்டார், நான் ஆடினேன், முழங்கால் போனதும் நின்றுபோனேன். என் ஆட்ட வாழ்க்கை இவ்வளவுதான். அந்த முதலாளி வீட்டில் ஒரு சண்டைக்கிடா இருந்தது, வில்வண்டிக்கு ஒரு ஜோடி மாடு இருந்தது, ஊரில் வேறு எவரிடமும் இல்லாத ஹாக்கி டீமும் இருந்தது. இந்த மூன்றில் எதற்குத் தீனிச் செலவு அதிகம் என்று அவருடைய மச்சினர் எங்கள் காதுபடவே பேசுவார். அந்த மச்சினர்தான் எங்கள் டீம் மேனேஜர்.

நான் வரதராஜன்பேட்டைக்காரன். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அங்கே இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், பையன்கள் சும்மா இருந்தால் பாவத்தில் விழுந்துவிடுவார்கள் என்று பயந்து, கருவேல மரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டச் சொல்லி எங்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தார். பாவத்திலிருந்து அவர் எவனைக் காப்பாற்றினார் என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பந்து கையில் ஒட்டிக்கொண்டது போல மட்டையில் ஒட்டிக்கொண்டது. படிப்பு ஒட்டவில்லை. ஒரு போட்டியில் நான் ஆடியதைப் பார்த்த மச்சினர், மறு வாரமே வந்து அப்பாவிடம் பேசி, என்னை அரியலூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். நெல் குமாஸ்தா என்று பேர். நெல்லில் எது சம்பா, எது குறுவை என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

முதலாளிக்கு ஹாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. குரும்பலூரில் ஒரு ஆட்டத்தில் நாங்கள் தோற்றபோது எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார்:

"பதினோரு பேரும் போயி அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நின்னுட்டா, பந்து எப்புடிடா உள்ள போவும்?"

மச்சினர் உடனே, "நானும் அதையேதான் சொன்னேன் மாமா, இவனுங்க கேக்கல" என்றார். அடுத்த ஆட்டத்தில் அதைச் செய்து பார்க்கச் சொல்லி எங்களைப் படுத்தியும் எடுத்தார். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் இவர்களுக்குச் சளைத்ததல்ல. பந்து தலைக்கு மேலே பறந்தால் விசில் அடிப்பார்கள். அது தப்பாட்டம், அதற்கு நடுவர் எங்களைத் தண்டிப்பார் என்று சொன்னால், நடுவரை அடிக்கப் போவார்கள். இந்த லட்சணத்தில்தான் நான் பேர் வாங்கினேன்.

பேர் வாங்கியதில் ஒரு நல்லது நடக்க இருந்தது. திருச்சியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது, பெயர் எதற்கு. அதில் ஹாக்கி டீம் வைத்திருந்தார்கள். ஆடுகிறவனுக்கு நிரந்தர வேலை, குடியிருக்க வீடு, கால் போனாலும் கடைசி வரைக்கும் சோறு. அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிற துரை, பெரம்பலூரில் நவராத்திரி விடுமுறையில் நடக்கும் கோப்பைப் போட்டிக்குத் தன் டீமோடு வருகிறார் என்றும், முன்வரிசை நடுவில் நின்று கோல் போடுகிற சென்டர் பார்வர்டு இடத்துக்கு என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்றும் சேதி வந்தது. அந்த ஒரு ஆட்டம் நன்றாக ஆடிவிட்டால் இந்த மில்லையும், இந்த முதலாளியையும், இந்த மச்சினரையும் தலைமுழுகிவிடலாம். சேதி எனக்கு வருவதற்கு முன்னால் ஊர் முழுக்கப் போயிருந்தது. "எங்க பையனைப் பாக்க துரையே வராரு" என்று மச்சினர் காபிக் கடையில் பீற்றிக்கொண்டிருந்தார்.

நாங்களும் கம்பெனிக்காரர்களும் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். இறுதி ஆட்டம் சரஸ்வதி பூஜை அன்றைக்கு. ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் மூடியிருக்கும், கூட்டம் வரும் என்று அப்படி வைத்திருந்தார்கள்.

முந்தின நாள் மச்சினர் எங்கள் மட்டைகளையெல்லாம் வாங்கிக்கொண்டு போனார். ஆயுத பூஜையில் வைக்க என்றார். சரி, காலையில் சந்தனம் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். என் மட்டை பஞ்சாபிலிருந்து வந்தது. உலகச் சண்டைக் காலத்தில் அந்த மாதிரி மட்டை கிடைப்பது குதிரைக் கொம்பு. பிடியில் துணி சுற்றி, எண்ணெய் போட்டு, என் கைக்குப் பழக்கி வைத்திருந்தேன்.

காலையில் மில்லுக்குப் போனால் எஞ்சினுக்குப் பக்கத்தில் பொரி, கடலை, அவல், நெல் அளக்கும் மரக்கால், தராசு, சம்மட்டி, அவற்றோடு எங்கள் மட்டைகள். எல்லாவற்றுக்கும் பொட்டு. தீபாராதனை முடிந்தது. நான் போய் மட்டைக்குக் கை நீட்டினேன். முதலாளி என் கையைத் தட்டிவிட்டார்.

"என்னடா பண்ற?"

"இன்னைக்கு ஆட்டம் இருக்குங்க முதலாளி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பூஜையில வச்ச ஆயுதத்தை அன்னைக்கே எடுப்பாங்களா? கொத்தன் கரண்டியைத் தொடுறானா இன்னைக்கு? நீ வேதக்காரன், ஒனக்கு இதெல்லாம் தெரியாது. நாளைக்கு விஜயதசமிக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்."

"அப்ப எதை வச்சு ஆடுறதுங்க?"

"பெரம்பலூர் ஐஸ்கூல்ல சொல்லி வச்சிருக்கு. மட்டை மட்டைதானே? ஆடுறது கைதானே?"

மற்ற பத்துப் பேரும் இந்துக்கள். அவர்களாவது சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பொரியை வாயில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். சாமி குத்தம் என்று பயமோ, முதலாளி குத்தம் என்று பயமோ. மச்சினர் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

எங்களை ஏற்றிக்கொண்டு போக வந்தது, பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டிய கரி பஸ். அதன் முகப்பில் வாழைக்கன்றும் மாலையும் கட்டியிருந்தது. பூஜை போட்ட பஸ்தான், ஓடத்தான் செய்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்து, அதற்குக் கரி போட்டு ஊதிக் கிளப்புவதற்குள், மில்லுக்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. சற்று முன் பொட்டு வைத்த அதே எஞ்சின். நான் மச்சினரைப் பார்த்தேன்.

"அது கவர்மெண்டு நெல்லு. இன்னைக்குள்ள அரைச்சுக் குடுக்கணும். அதுக்கெல்லாம் தோஷம் கெடையாது" என்றார்.

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். எஞ்சினுக்கு ஒரு சாஸ்திரம், என் மட்டைக்கு ஒரு சாஸ்திரம். முதலாளி வேண்டுமென்றே செய்த சூழ்ச்சி இது என்று எங்கள் கோல்கீப்பர் பஸ்ஸில் என் காதைக் கடித்தான். நான் நம்பவில்லை. சூழ்ச்சி செய்ய மூளை வேண்டும்.

பெரம்பலூரில் டிரில் மாஸ்டர் ஒரு கட்டு மட்டைகளைக் கொண்டுவந்து போட்டார். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன்கள் ஆடுவது. என் தொடைக்குக்கூட வரவில்லை. அதைப் பிடித்துக் குனிந்தால் நாற்று நடுகிறவன் மாதிரி இருந்தது. ஆட்டம் தொடங்கும்போது எதிராளி சென்டர் பார்வர்டும் நானும் நேருக்கு நேர் நின்று மூன்று முறை மட்டையோடு மட்டை தட்டிவிட்டுப் பந்தை எடுக்க வேண்டும். நான் தட்டினேன், மட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. கூட்டம் சிரித்தது. பந்து வந்தால் மட்டைக்கு எட்டவில்லை, எட்டினால் அடியில் பலமில்லை. பந்தலின் கீழே தாசில்தாருக்குப் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு துரை உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. கம்பெனி ஒரு கோல் போட்டது. இடைவேளைக்கு வெளியே வந்து, இந்த மட்டையை வைத்து என்ன ஆடுவது என்று நான் கத்தியபோது, கோட்டோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ரசித்துச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரே ஹாக்கி நிபுணர் அவர்.

அப்போது கம்பெனி டீமில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற புல்பேக் என்னிடம் வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள். கையில் இரண்டு மட்டை வைத்திருந்தார்.

"ஏன் தம்பி, ஒங்க மட்டை எங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க கம்பெனிலயும்தான் பூஜை. சாமிக்கு ஒடஞ்ச மட்டை ஒண்ணை வச்சுட்டு, நல்லதைக் கையில எடுத்துட்டு வந்துட்டானுவோ. அதான் வழக்கம். ஒங்க மொதலாளிக்கு யாரும் சொல்லித் தரலியா? இந்தாங்க, இதைப் புடிங்க. சின்னப் புள்ளைங்க குச்சியோட நிக்கிற ஆளைத் தடுத்துட்டு நான் என்னன்னு ஊர்ல போய்ச் சொல்லுறது?"

அந்த மட்டை என்னுடையதைவிடக் கொஞ்சம் கனம். பரவாயில்லை. இரண்டாவது பாதியில் அந்தப் பாயைத் தாண்டியே மூன்று கோல் போட்டேன். மூன்றாவது கோல், நான் என் ஆயுளில் போட்ட கோல்களிலேயே நல்லது. அதைப் போட்டுவிட்டுத்தான் முதல் முறையாகப் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். தாசில்தார் இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இருட்டுவதற்குள் திருச்சி போய்ச் சேர வேண்டுமென்று துரை இடைவேளையிலேயே காரில் ஏறிவிட்டார் என்று ஆட்டம் முடிந்ததும் பாய்தான் சொன்னார். "நான் அவருகிட்ட சொல்லுறேன் தம்பி, இன்ஷா அல்லா" என்றார். சொல்லியும் இருப்பார், நல்ல மனுஷன். ஆனால் மட்டையைக் கீழே நழுவவிட்டவனைத் தன் கண்ணால் பார்த்த துரை, அவனிடமே மூன்று கோல் வாங்கிய புல்பேக்கின் பேச்சைக் கேட்டு ஆள் எடுப்பாரா? எடுக்கவில்லை. வேறொருவனை எடுத்தார்கள்.

கோப்பையோடு அரியலூர் திரும்பினோம். வில்வண்டியில் கோப்பையை வைத்து, அதற்குப் பக்கத்தில் என்னையும் வைத்து, நாகஸ்வரத்தோடு கடைத்தெருவைச் சுற்றினார்கள். மில் வாசலில் முதலாளி பேசினார். மட்டைகளைச் சாமி காலடியில் வைத்ததால்தான் இந்த வெற்றி என்றார். அந்த மட்டைகள் அரியலூரை விட்டே நகரவில்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் அந்த ஊரை அன்றைக்கு வெறுத்தது போல எதையும் வெறுத்ததில்லை.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து எல்லாரும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கும்போது, முதலாளி என்னை மட்டும் எஞ்சின் ரூமுக்குள் கூப்பிட்டார். என் மட்டையை எடுத்துத் தன் துண்டால் ஒரு முறை துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அந்தத் துரை பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாராமே?"

"ஆமாங்க."

"மட்டையை ஏன் குடுக்கலன்னு ஒனக்கு என் மேல கோவம் இருக்கும். நேத்து சாமிகிட்ட நான் கப்பு வேணும்னு கேக்கலடா. எனக்கு எதுக்குக் கப்பு? இந்தப் பய என்னை விட்டுட்டுத் திருச்சிக்குப் போயிடக் கூடாது, இங்கயே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். வேண்டிக்கிட்டு வச்ச மட்டையை ஒங்கிட்ட எடுத்துக் குடுத்துட்டா, அப்புறம் அந்த வேண்டுதலுக்கு என்ன அர்த்தம்?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. நடிக்கவும் மூளை வேண்டும். ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் முகத்தில் துப்பிவிட்டு அப்போதே பஸ் ஏறியிருப்பேன். இந்த மனுஷன் பிள்ளையைப் போல என்னை நினைத்துக்கொண்டு, என் வாழ்க்கையைச் சாமியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

"போட்டோ புடிக்க ஆள் வரான், போயி சட்டையை மாத்திக்க" என்றார்.

"சரிங்க முதலாளி" என்று மட்டையை வாங்கிக்கொண்டேன்.